மீராவின் வாயில் இன்னொருத்தியின் குரல்

போன மாதம் ரொறன்ரோ பார்க்டேலில் மீரா இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் கொடுக்கிற தாளில் அவரைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தார்கள். "எமது பாடகர் குழுவின் நீண்டகால உறுப்பினர்" என்று. வாசித்தவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறுப்பினராம். வள்ளம் கட்டினவனை வள்ளத்தில் ஏறி வந்தவன் என்று எழுதினமாதிரி.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் இந்தச் சஞ்சிகைக்காரர் திருத்திப் போடட்டும், விஷயத்தில் கைவைக்கக் கூடாது. ரொறன்ரோவில் படித்த ஆட்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவருக்கும் மீராவைப் பற்றி எழுதத் தோன்றவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்கள் குறைவு. பாசையூர் சீமோன். மஞ்சள் வான் வண்டியில் 'சீமோன் கிளீனிங்' என்று ஓடுகிறதே, அந்தச் சீமோன். குயின் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவன். பத்து வருஷம் போவதற்குள் பிக்கரிங்கில் வீடு, எனக்குக் கீழே வேலைசெய்ய ஆட்கள், கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கூப்பிட்டுக் கொடுக்கிற கொன்ராக்ட். ஒருவரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரில் நான் கூத்தில் அரச வேஷம் கட்டினவன். மைக் இல்லாமல் கடற்கரை முழுக்கக் கேட்கப் பாடினவன். தொண்டை என்றால் என்ன, குரல் என்றால் என்ன என்று எனக்கு ஒரு பட்டதாரியும் படிப்பிக்கத் தேவையில்லை. மீராவின் குரலைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

அவருடைய முழுப்பெயர் டிராகோமீரா வோட்ருபோவா. எங்கள் சனத்துக்குப் பெயரின் முன்பாதி வாயில் வரவில்லை. மீரா அன்ரி என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார், அப்படியே நிலைத்துவிட்டது.

எண்பத்தெட்டில் பார்க்டேல் பக்கத்துக் கோயிலொன்றின் தரையைச் சுத்தம்செய்யும் கொன்ராக்ட் எனக்குக் கிடைத்தது. முதல் நாள் நானே மெஷினைப் பிடித்தேன். தொழிலை ஆட்களுக்குக் காட்டவேண்டுமென்றால் முதலாளியின் கை முதலில் அழுக்காக வேண்டும். மெஷின் இரைந்துகொண்டிருக்க, பின்பக்க மேல்மாடியில் ஓர்கன் வாத்தியத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார மனிசி கீழே குனிந்து சத்தம் போட்டார். என் இங்கிலிஷும் உடைசல், அவருடையதும் உடைசல். இரண்டு உடைசலையும் சேர்த்து எங்கள் தமிழில் தருகிறேன்.

"ஐசே, அந்த மெஷினை நிப்பாட்டும்! அது ஒரு சுரத்திலதான் பாடுது. அதையும் பிழையாப் பாடுது!"

"இந்த மெஷின் எனக்குச் சோறு போடுது. உங்கட பாட்டு உங்களுக்குச் சோறு போடுதோ?" என்று நானும் கேட்டேன்.

 மாடியில் பெரிய சிரிப்பு. "இல்லை" என்றார். "நாளைக்கு ஒரு செத்த வீடு இருக்கு. அதுதான் போடும்."

மெஷினை நிற்பாட்டினேன். அவர் பாடினார். நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதற்குமேல் உட்கார்ந்துவிட்டேன். அது உச்சத்தில் போய்க் கீச்சிடுகிற குரல் இல்லை. கனத்த குரல், கிணற்றின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வருவதுபோல. நாங்கள் தொண்டையைக் கிழித்துச் செய்வதை அந்த மனிசி தொண்டையை அசைக்காமல் செய்துகொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. சீமோன் வெட்கப்படுவது அபூர்வம்.

அதற்குப் பிறகு கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் தரையைத் தேய்க்க, அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சொல்லுவார்.

அப்போது செக்கோசிலவாக்கியா என்று ஒரு நாடு. அதில் நெசவாலைகள் நிறைந்த ஒரு நகரம். தகப்பன் நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டில் ஒருவரும் பாடினதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இவருடைய குரலைக் கண்டுபிடித்துப் பெரிய இசைப் பள்ளிக்கு அனுப்பினார். இருபத்திரண்டு வயதில் அந்த நகரத்து நாடகசாலையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கே நடப்பது ஒப்பரா. ஒப்பரா என்றால் வேறொன்றுமில்லை, கதை முழுவதையும் பாட்டாலேயே நடிக்கிற கூத்து. எங்களுக்கு மத்தளமும் தாளமும், அவர்களுக்கு ஒரு படையளவு வாத்தியக்காரர்.

கீழ்க்குரல் பெண்ணுக்கு அந்தக் கூத்தில் காதலி வேஷம் கிடையாது. தாய், சூனியக்காரி, கிழவி, இவைதான். "இருபத்துநாலு வயசில எனக்கு நரைமயிர் ஒட்டினவை" என்று சிரிப்பார். "எனக்கு மகனா நடிச்சவருக்கு என்ர அப்பாவின்ர வயசு. ஒத்திகையில என்னைக் கட்டிப்பிடிச்சு, அம்மா எண்டு அழுதிட்டு, பிறகு வெளியில போய்ச் சுருட்டுப் பத்துவார்."

அதற்கு அவர் கவலைப்படவில்லை. கீழ்க்குரல் கெதியில் பழுதாகாதாம். மேற்குரல்காரிகள் நாற்பதில் ஓய்ந்துபோவார்கள், இவர் அறுபதிலும் நின்று பாடலாம். "உண்மையான கிழவி ஆனாப் பிறகுதான் எனக்கு நல்ல காலம் எண்டு கணக்குப் போட்டிருந்தனான்" என்றார். அந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வசந்த காலத்தில் அந்த நாடகசாலை ஒரு கச்சேரி வைக்கும். அதில் அவர்களுடைய நாட்டு ஆள் ஒருவர் எழுதின மாதா பாட்டு ஒன்று உண்டு. ஒரு தாய் தன் மகளை மாதாவின் கையில் ஒப்படைக்கிற பாட்டு. அதை மீராதான் பாடவேண்டும் என்று ஊரே சொல்லும். அவருக்குக் காய்ச்சல், வருத்தம் என்று வந்தால் பாடுவதற்கென்று ஹெலேனா என்று ஒரு பெண் பின்னால் தயாராக நிற்பாள். மீராவுக்கு ஒருநாளும் வருத்தம் வரவில்லை.

அறுபத்தெட்டில் வியன்னாவுக்குக் கச்சேரிக்குப் போனார். காலையில் ரேடியோவைத் திருப்பினால், ஊருக்குள் ரஷ்யாக்காரரின் யுத்தத் தாங்கிகள். மீரா திரும்பிப் போகவில்லை. புருஷன் வயலின்காரர், அவர் ஊரிலேயே நின்றுவிட்டார். ஓடினவளை விவாகரத்துச் செய்யாவிட்டால் வாத்தியத்தைப் பறிப்போம் என்று ஆட்சிக்காரர் சொன்னார்களாம். அவர் வாத்தியத்தை வைத்துக்கொண்டார். மீரா பாடி ரேடியோவில் போட்ட நாடாக்கள் எல்லாவற்றையும் அழித்தார்கள். நாடகசாலை நடையில் தொங்கிய படத்தைக் கழற்றினார்கள். ஹெலேனா முன்னுக்கு வந்தாள்.

சொந்த நாட்டை விட்டு ஓடினவனுக்கு இதெல்லாம் விளங்கும். ஆனால் எனக்கும் மீராவுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் கோப்பை கழுவினேன். கழுவின கோப்பை கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு தரை, பிறகு வான், பிறகு வீடு. நேற்றைய உழைப்பு இன்றைக்குச் சேர்ந்தது. மீரா உழைத்தது சேரவில்லை. அன்றன்றைக்குப் பாடினது அன்றன்றைக்கே காற்றோடு போயிற்று.

ரொறன்ரோவுக்கு வந்தபிறகு ஒப்பராவில் அவருடைய குரலைப் பரீட்சை பார்த்த ஒரு பெரியவர், "அம்மா, உங்களுடைய குரல் பெரிது, இங்கிலிஷ் சின்னது" என்றாராம். சில வருஷம் ஒப்பராக் கூட்டுப்பாட்டில் கடைசி வரிசை. பிறகு அதுவும் இல்லை. யேசு பிறந்த நத்தாருக்குப் புறநகர்க் கோயில்களில் ஒரு பாட்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ. கடைசியில் செத்த வீடுகள். கச்சேரி மேடையில் நின்றவருக்கு ரொறன்ரோ கொடுத்த இடம் சவப்பெட்டிக்குப் பக்கம். எங்கள் கத்தோலிக்கச் சனமும் அவரைக் கூப்பிடத் தொடங்கியது. கூப்பிடப் பண்ணியது நான் என்று சொல்லவேண்டியதில்லை.

"செத்த வீட்டில முழுக்குரல் போடேலாது, சீமோன்" என்று ஒருநாள் சொன்னார். "அழுகிற சனம் பயந்துபோகும். கால்வாசிதான் போடுவன். மிச்சத்தை வீட்டை கொண்டுபோறன்."

தொண்ணூற்று மூன்று ஆனியில் என் மகள் செலீனுக்குக் கலியாணம் வைத்தேன். பார்க்டேல் கோயிலில் பூசை, ஸ்காபரோவில் மண்டபம். ஸ்காபரோவில் அதைப்போல ஒரு கலியாணம் அதற்குமுன் நடக்கவில்லை என்று வந்த சனமே சொன்னது. நாள் குறித்த பிறகு மீரா என்னைத் தேடிவந்தார். கழுத்துச் சால்வையை விலக்கிக் காட்டினார். பக்கத்தில் ஒரு கழலை.

"இலையுதிர் காலத்தில வெட்டப்போயினம். குரல் நரம்புக்குப் பக்கத்தால கத்தி போகுமாம். தப்பினாலும் தப்பும், இல்லையெண்டால் இல்லை எண்டு டொக்டர் சொல்லுறார். உம்மட மகளின்ர கலியாணத்தில நான் அந்த மாதா பாட்டைப் பாடுறன். முழுக்குரலில. ஊரை விட்ட பிறகு ஒருக்காலும் பாடேல்ல."

என் மனிசி மரியம்மாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. "சனத்துக்கு விளங்காத பாட்டு. நீளமெண்டால் மண்டபத்துக்குப் பிந்திப் போகும்" என்றாள். நான் விடவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் சனத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தது குலசிங்கம். சுறுசுறுப்பான பெடியன், நாக்கில் தேன் வைத்திருப்பான். கோயிலுக்குள் கீழே ஒரு கமெரா, மாடியில் மீராவுக்கு முன்னால் ஒரு கமெரா. சத்தத்துக்குத் தனி மைக்கும் வைத்தான்.

நற்கருணை நேரம் மீரா பாடினார்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குரல் மாடியிலிருந்து வரவில்லை. நான் நின்ற தரையிலிருந்து, என் ஆட்கள் தேய்த்து மினுக்கிய அந்தத் தரையிலிருந்து, கால் வழியாக ஏறியது. நற்கருணைக்கு நின்ற வரிசை அசையவில்லை. சுவாமியார் கையில் அப்பத்தை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். விளங்காத பாஷையில் ஒரு மனிசி என் மகளை மாதாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் அழக்கூடாது என்று நினைத்திருந்தவன், அழுதேன்.

வெளியே வந்தபோது குலசிங்கம் சொன்னான்: "அண்ணை, என்ன தொண்டை அது! மீற்றர் முள் சிவப்பில ஒட்டிக்கொண்டு நிண்டுது. நான் ஒருமாதிரிக் குறைச்சுச் சரிக்கட்டிப் பிடிச்சிட்டன்."

பிடித்துவிட்டேன் என்று சொன்னவன் அவனேதான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கோ.

இலையுதிர் காலத்தில் வெட்டினார்கள். கழலை போயிற்று, குரலும் போயிற்று. கதைக்கலாம், ஆனால் அரத்தால் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி. செத்த வீட்டுக்கும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது, "பரவாயில்லை, செலீனுக்குப் பாடிப்போட்டன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் ஒரு சனிக்கிழமை, கேக் ஒன்றைச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறிப் பிக்கரிங்குக்கு வந்தார். அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, காலணியைக் கழற்றும் முன்னே கதை தொடங்கிவிட்டது.

ஊரிலிருந்து தொலைபேசி வந்ததாம். அங்கே ஆட்சி மாறின பிறகு அவரோடு முந்திப் பாடின சிநேகிதர் ஒருவர் நாடகசாலையில் பெரிய பதவிக்கு வந்திருக்கிறார். நாடகசாலைக்கு ஐம்பது வருஷம் நிறையப் போகிறது. அந்த ஐம்பது வருஷக் குரல்களை ஒன்றாகச் சேர்த்து இசைத்தட்டும் கசெற்றும் வெளியிடப் போகிறார்கள். ஓடிப்போனவர்களையும் இந்தமுறை சேர்க்க வேண்டும் என்று அந்த மனிசன் சண்டை பிடித்து வென்றிருக்கிறார். ஆனால் மீராவின் நாடா ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை. 'எந்த வயதில் பாடினதென்றாலும் பரவாயில்லை, அந்த மாதா பாட்டு உன் குரலில் இருந்தால் அனுப்பு. ஒரே ஒரு பாட்டுப் போதும், உன் பெயர் திரும்ப உள்ளே வந்துவிடும்' என்றாராம்.

"ரொறன்ரோவில நான் பாடினதை ஒருத்தரும் பதிஞ்சு வைக்கேல்ல, சீமோன். எனக்கும் தோன்றேல்ல. ஆர் கேக்கப்போயினம் எண்டு இருந்திட்டன். உம்மட வீட்டில மட்டும்தான் நான் இருக்கிறன்."

எங்கள் வீடியோக்காரரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனியில் நடந்த கலியாணத்தின் கசெற் மார்கழி போய்த்தான் வந்தது. இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. நான் மண்டபத்தில் பேசின பேச்சை மட்டும் போட்டுப் பார்த்திருந்தேன். எனக்கு எவ்வளவு பெருமை! ரேடியோக்காரர் அழித்ததை, சாயக்காரரின் மகளுக்கு, பாசையூர் சீமோன் திருப்பிக் கொடுக்கப் போகிறான். மரியம்மா றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். மீராவை ரீவிக்கு முன்னால் பெரிய கதிரையில் இருத்தினேன்.

கசெற் தொடங்கியது. ரோசாப்பூ விரிய அதற்குள் செலீனின் முகம். இதயத்துக்குள் மாப்பிள்ளையின் முகம். மீரா ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். நான் ஓட்டி ஓட்டி நற்கருணைக்கு வந்தேன்.

திரை முழுக்க மீரா. மூச்சை எடுக்கிறார், நெஞ்சு உயர்கிறது, வாய் திறக்கிறது. திறந்த வாயிலிருந்து சினிமாப் பாட்டு வந்தது.

புதுப் படத்துப் பாட்டு. கதாநாயகி மழையில் ஓடித்திரிகிறபோது பாடுகிற மாதிரி ஒரு குழந்தைக்குரல். மரியம்மா தலையை ஆட்டிக்கொண்டு, "உந்தப் பாட்டு நல்ல பாட்டென்ன" என்றாள்.

மீராவுக்கு விளங்கவில்லை. "வேற சனலோ? சத்தத்தைக் கூட்டிப் பாரும்" என்றார். கூட்டினேன். மழைப்பாட்டுத்தான் கூடியது. திரையில் மீரா கண்ணை மூடிக் கையை விரித்தார், குழந்தைக்குரல் கொஞ்சியது.

குலசிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"டேய், மீரா பாடின இடத்தில உதென்ன பாட்டு?"

"எந்த இடம் அண்ணை?"

"நற்கருணை குடுக்கேக்க."

"ஓ, அதோ! நல்லா வந்திருக்கென்ன? இன்னும் இஞ்ச ஒருத்தரும் போடாத பாட்டு அண்ணை. சென்னையில இருந்து எடுப்பிச்சனான்."

"மனிசின்ர சத்தம் எங்கையடா?"

"குறை நினைக்காதையுங்கோ அண்ணை. அந்த மனிசி பாடுறது ஆருக்கு விளங்கப்போகுது? சனம் அந்த இடம் வர வேகமா ஓட்டிப்போடும். கோயில் சத்தத்தோட ஆர் இப்ப வீடியோ குடுக்கினம்? போன கிழமை குடுத்ததில சுவாமியாற்றை பிரசங்கத்துக்கே வீணை போட்டனான். சுவாமியாரும் பாத்திட்டு, நல்லாயிருக்கெண்டவர்."

"சரி, கமெராவில எடுத்த நாடாவைத் தா. அதில இருக்குமெல்லோ."

"அதுக்குமேல ரெண்டு கலியாணமும் ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீடும் போட்டுது அண்ணை. ஏன், என்ன அவசரம்?"

நான் பிறகு சொன்னதை இந்தச் சஞ்சிகையில் போடமாட்டார்கள்.

குலசிங்கத்தை மட்டும் பிடித்து அடித்து என்ன பயன்? அவன் எங்கள் சனத்துக்கு எது பிடிக்குமென்று தெரிந்துதான் செய்தான். ரொறன்ரோவில் எத்தனை கலியாண வீடியோ பார்த்தேன், ஒன்றிலாவது பெண்ணும் மாப்பிள்ளையும் வாயால் சொன்ன வாக்கு என் காதில் விழுந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு. ஒரு நாட்டில் பகையால் அழித்தார்கள், எங்கள் சனம் ஆசையாக, அலங்காரம் செய்கிறோம் என்று நினைத்து அழித்தது. பகையால் அழித்தவனைத் திட்டலாம். குலசிங்கம் மறுநாள், அன்ரிக்குக் கவலையாமே என்று பூங்கொத்து அனுப்புகிறான்.

மீரா சத்தம் போடவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். றோல்ஸ் தட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"திருப்பிப் போடும். சத்தத்தை நிப்பாட்டிப் போடும்" என்றார்.

போட்டேன். கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்து, கண்ணாடித் திரையில் விரலை வைத்தார். "இஞ்ச பாரும், வயித்தில எடுக்கிறன். சரி. இந்த இடத்தில எல்லாரும் நடுவில ஒருக்கா மூச்சு எடுப்பினம். நான் எடுக்கேல்ல. பாரும், தோள் அசையேல்ல." முடியும்வரை அப்படியே பார்த்தார். "நல்லாப் பாடியிருக்கிறா" என்றார். யாரோ இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லுகிறமாதிரி.

சீமோன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவன் இல்லை. கலியாணத்துக்கு வந்த ஒருவர் விடாமல் தொலைபேசி எடுத்தேன். யாராவது கைக்கமெரா கொண்டுவந்தீர்களோ? கடைசியில் மாப்பிள்ளையின் மச்சான் அன்ட்ரூ, "ஓம் அங்கிள், பின் வாங்கில இருந்து கொஞ்சம் எடுத்தனான்" என்றான். கொண்டுவரச் செய்தேன். கையாட்டத்தில் எடுத்த படம். ஆனால் சத்தம் இருந்தது. மீராவின் குரல் தூரத்தில், உண்மையாகவே இருந்தது. அதற்கு மேலே, கமெராவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பெண்கள் இரண்டு பேர் பாட்டு முடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைப் பார்க்டேலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மீரா தலையைச் சரித்துக் கேட்டார்.

"என்ன சொல்லுகினம்?"

'உங்கட பாட்டைப் புகழுகினம்' என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கமில்லை.

"மண்டபத்துக்கு எந்த ரோட்டால போறதெண்டு ஒராள் கேக்கிறா. மற்றவ, உந்த மனிசி எப்ப முடிக்கும், சாப்பாடு ஆறப்போகுது எண்டுறா."

"அப்ப மத்தியானம் ஒரு மணியெல்லோ" என்றார் மீரா. "நியாயமான கேள்விதான்."

ஆனாலும் அதை அனுப்பினார். நானே பார்சல் கட்டினேன். பாட்டை மட்டும் பிரித்தெடுக்க அங்கே கெட்டிக்காரர் இருப்பார்கள் என்று நம்பினோம். வசந்தம் வரும்வரை பதில் இல்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் அவருடைய வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவர்களுடைய பாஷையில் கதை. மீரா முதலில் நிறையக் கேட்டார், பிறகு கொஞ்சம் சொன்னார், பிறகு ஒரே சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லி வைத்துவிட்டார்.

"பிரிக்க ஏலாதாம். அந்தப் பெண்டுகள் எனக்குள்ள நிக்கினமாம்."

"அப்ப?"

"மாதா பாட்டுக்கு ஹெலேனாவின்ர நாடாவைப் போடப்போயினம். அவள்தானே எனக்குப் பிறகு அங்க இருபது வருஷம் பாடினவள். நாடா நிறைய இருக்கு. என்னையும் விட்டுப்போடமாட்டினமாம். இசைத்தட்டோட குடுக்கிற புத்தகத்தில, அந்தப் பாட்டுக்குரிய பக்கத்தில என்ர படத்தையும் பேரையும் போட்டு, இவளும் இதைப் பாடினவள் எண்டு எழுதுவினமாம். நான் வேண்டாமெண்டிட்டன். படமும் வேண்டாம், பேரும் வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு விசரே? படமும் பேரும் எண்டால் சின்ன விஷயமோ? ஆக்கள் அதுக்கு எவ்வளவு பாடுபடுகினம்! இந்த ஊரில நான் ஒரு வாங்கு வாங்கிக் குடுத்தாலும் அதில என்ர பேரைப் போடச் சொல்லித்தான் குடுப்பன்."

"உம்மட பேர் வானில கிடக்கு, சீமோன். வான் ஓடுது, ஆக்கள் பாக்கினம். அது சரி. இவை என்ன செய்யினம் எண்டால், வானைத் தரமாட்டினம், பேரை மட்டும் ரோட்டில எழுதிவிடுகினம். பாட்டில்லாத பாடகி எண்டால் என்ன? படத்தைப் பாக்கிற சனம் ஹெலேனாவின்ர குரலைக் கேட்டுக்கொண்டு என்ர வாயைப் பாக்கும். உம்மட வீட்டில ஒருக்காப் பாத்திட்டன். காணும், இனி வேண்டாம்."

"திருப்பி எடுங்கோ தொலைபேசியை. படமாவது போடட்டும் எண்டு சொல்லுங்கோ."

"தேத்தண்ணி ஆறுது, குடியும்."

நான் குடிக்காமல் எழும்பி வந்தேன். மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம். அந்தக் கதையை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. கோயிலுக்கு வருவார், மாடிக்கு ஏறமாட்டார். கீழே நடு வாங்கில் இருப்பார். மற்றவர்கள் பாடும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். புதிதாக வந்த சனம், 'இந்தக் கிழவிக்குக் கடவுளில் கோபமோ' என்று கேட்டது. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

நான் இன்றைக்கும் சொல்லுவேன், மீரா செய்தது பிழை. படத்தைப் போட விட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்கிற ஆளில்லை அவர்.

தொண்ணூற்றைந்து கடைசியில் அந்தப் பாட்டுகள் வெளிவந்தன. மேற்குப் பக்கம் செக் ஆட்கள் இறைச்சியும் பத்திரிகையும் விற்கிற கடையொன்றில் கசெற்றாகக் கிடந்தது. மீராவுக்குச் சொல்லாமல் ஒன்று வாங்கினேன். மரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு பிக்கரிங்குக்குத் திரும்புகிற வழியில் காரில் போட்டேன். ஒவ்வொன்றாக ஓடி மாதா பாட்டு வந்தது.

ஹெலேனா. பொய் சொல்லக்கூடாது, நல்ல குரல். சுத்தமான குரல். அடியில் மட்டும் கனம் போதாது. மீராவின் குரல் தரைக்குள் இறங்குகிற இடத்தில் இது தரைக்கு மேலேயே நின்றது. அதை நான் கேட்டேன். கேட்கத் தெரிந்தவன் கேட்பான்.

மரியம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பினாள்.

"மீரா அக்காதானே? பாவம். என்ன மாதிரிப் பாடியிருக்கிறா."

"இது மீரா இல்லை."

"பின்ன ஆர்?"

"ஹெலேனா எண்டு ஒருத்தி. அங்கயே நிண்டவள்."

"சும்மா விடுங்கோ. செலீன்ர கலியாணத்தில இதைத்தானே பாடினவ. எனக்குத் தெரியாதே? அச்சாய் இதே குரல்."

அவள் அன்றைக்கு முன்வாங்கில் இருந்தவள், பெண்ணின் தாய். அவளுக்கே அப்படியென்றால் மற்ற ஆட்களிடம் என்ன கதைப்பது? இல்லையடி, இது வேறு, அது வேறு என்று போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கையை நீட்டிக் கசெற்றை நிற்பாட்டினேன்.

"ஏன் நிப்பாட்டினியள்?" என்றாள் மரியம்மா. "கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறன்."